இருநூற்றுப் பத்து டிபன் பாக்ஸ்

எங்கள் மீன்வலைக் கம்பெனிக்கு இருபத்தைந்து வருடம் நிறைந்தபோது, தொழிலாளர்களுக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று முதலாளி என்னிடம் யோசனை கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம். யாராவது யோசனை கேட்டுவிட்டால் எனக்குத் தலையில் கொம்பு முளைத்துவிடும். அதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு அவரே யோசித்து ஆளுக்கொரு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கிக் கொடுத்திருந்தார். அன்று சாயங்காலம் அஞ்சுகிராமம் போகிற பஸ்ஸில் நாற்பது பெண்கள் நாற்பது பச்சைப் பக்கெட்டோடு ஏறினார்கள். பக்கெட்டுக்கும் டிக்கெட் போடட்டுமா என்று கண்டக்டர் கேட்டாராம். ஆகவே இந்த முறை உருப்படியாக ஒன்று செய்ய வேண்டும் என்று இரண்டு நாள் அவகாசம் வாங்கினேன். அவகாசம் சும்மா ஒரு கெத்துக்குத்தான். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். கம்பெனி முத்திரை போட்ட எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

அந்த முடிவின் பின்னால் ஒரு ஆசை இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதைக்கு அர்த்தமில்லை. இன்று நான் அந்தக் கம்பெனியில் நிர்வாக அலுவலர். மாடியில் தனி அறை, ஏசி, கண்ணாடிக் கதவு. ஆனால் நான் அங்கே சேர்ந்தது ஃபினிஷிங் செக்சனில். இயந்திரத்திலிருந்து வரும் வலையைக் கம்பியில் மாட்டி, அறுந்த கண்ணியைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிற வேலை. எட்டு வருடம் முடிச்சுப் போட்டேன். தபாலில் பட்டம் படித்து முடித்த பிறகு மேலே கூப்பிட்டுக்கொண்டார்கள். மாடிக்குப் போய்ப் பதினான்கு வருடம் ஆகியும், கீழே இருக்கிற பெண்கள் என்னைத் தங்களில் ஒருத்தியாகத்தான் நினைக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நினைக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. மேலே போனாலும் நம்மை மறக்கவில்லை பார் என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் டிபன் பாக்ஸ். சோறு விஷயத்தில் நம்மைப் பற்றி யோசித்தாளே என்று சொல்ல வேண்டும்.

கோயம்புத்தூர் பக்கம் ஒரு தயாரிப்பாளரைப் பிடித்தேன். போனில் பேசியவர் நிதானமான பெண்மணி. நான் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்து வைத்திருந்த மாடலின் எண்ணைச் சொன்னேன். தட்டையான ஒரே பாத்திரம், உள்ளே நான்கு அறைகள், நான்கு பக்கமும் கிளிப் போட்ட நீல மூடி.

"ஏனுங்க மேடம், இது ஸ்டாஃபுக்குங்களா, ஒர்க்கர்ஸுக்குங்களா?" என்றார்.

"எல்லாருக்கும் ஒண்ணுதான். எங்க கம்பெனில அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது."

இதைச் சொல்லும்போது எனக்கே புல்லரித்தது. என் அறைக் கதவு தானாக மூடிக்கொள்கிற கதவு என்பதும், அது மூடியிருக்கும்போதுதான் நான் இதைச் சொன்னேன் என்பதும் அப்போது தோன்றவில்லை.

"இல்லீங்க, மில்லுக்கெல்லாம் மூணடுக்குக் கேரியர்தானுங்க போகுது. அவங்க எப்படிச் சாப்பிடுவாங்கன்னு ஒருக்கா கேட்டுட்டு ஆர்டர் போடுங்களேன்."

"நானே அங்க இருந்து வந்தவதாங்க. எனக்குத் தெரியாதா?"

சரிங்க, முதல்ல ஒரு சாம்பிள் அனுப்பறேனுங்க என்றார். பொருள் விற்கிறவரே விற்பதற்கு முன்னால் கேட்டுப் பார் என்று சொல்கிறார், வாங்குகிறவள் வேண்டாம் என்கிறேன். அடுக்குக் கேரியர் பழைய காலத்துச் சமாச்சாரம், கையில் தூக்கிக்கொண்டு நடந்தால் சத்திரத்துக்குச் சோறு கொண்டு போகிறமாதிரி இருக்கும் என்றுகூட ஒரு வியாக்கியானம் கொடுத்தேன்.

சாம்பிள் ஒன்று கூரியரில் வந்தது. அதை நான் சோதித்த விதத்தைப் பார்த்திருந்தால் விண்வெளிக்கு அனுப்புகிறவர்களே வெட்கப்பட்டிருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும், ஓர் அறையில் ரசம், ஓர் அறையில் மோர், ஓர் அறையில் தண்ணீர் ஊற்றி மூடி, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்து, வட்டக்கோட்டை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன். ரோடு மோசமாக இருக்கிற இடமாகப் பார்த்து விட்டேன். கோட்டை வாசலில் கார் நிறுத்துமிடத்தில் சீட்டைத் தூக்கிப் பாத்திரத்தை எடுத்துத் தலைகீழாகக் குலுக்கினேன். சுற்றுலா வந்த ஒரு குடும்பமே நின்று வேடிக்கை பார்த்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ரசம் ரசமாக, மோர் மோராக இருந்தது. வெற்றியோடு வீடு திரும்பினேன்.

என் கணவர் பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர். நாலைந்து நாள் கழித்துப் பாத்திரத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏட்டி, இது யாருக்கு? எல்.கே.ஜி. பிள்ளைக்கா?"

"ஏன், நான் நாலு நாளா இதுலதான் கொண்டு போறேன். எனக்குப் போதுமே."

"ஒனக்குப் போதும். நீ சுகர்காரி. ஒனக்கு டாக்டர் அளந்துல்லா தந்திருக்காரு."

கறி வைக்கிற அறையில் அவர் அகப்பையை வைத்து அளந்து காட்டினார். ஒன்றரை அகப்பைதான் கொண்டது. ஒருவருக்கு ஒன்றரை அகப்பைக் கறி எதேஷ்டம் என்று நான் அடித்துப் பேசினேன். அளவு கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்று மட்டும் அவருக்காக விட்டுக்கொடுத்து, அடுத்த பெரிய மாடலைச் சொன்னேன். அதில் சோற்று அறைதான் பெரிதாக இருந்தது. கறி அறை அதே ஒன்றரை அகப்பை.

முத்திரையிலும் என் கைவண்ணம் உண்டு. முதலாளிக்கு மூடியில் படகு, மீன், வலை, சூரியன், கம்பெனி பெயர், போன் நம்பர் எல்லாம் வேண்டும் என்றிருந்தது. சோறு தின்கிற பாத்திரத்தில் போன் நம்பர் எதற்கு, சோறு குறைந்தால் உங்களைக் கூப்பிடவா என்று கேட்டு அதை நிறுத்தினேன். கடைசியில் ஒரு வலையும் அதற்குள் ஒரு மீனும் மட்டும் நின்றன. இருநூற்றுப் பத்து பாத்திரம் அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கிய அன்று ஒவ்வொரு பெட்டியையும் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில்கூடக் கீறல் இல்லை. அவர்கள் வேலையை அவர்கள் சுத்தமாகச் செய்திருந்தார்கள். இதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்த எதற்கும் அவர்கள் பொறுப்பில்லை.

விழா நன்றாக நடந்தது. போதகர் ஜெபம் செய்தார், முதலாளி பேசினார், முதலாளியின் மனைவி பாத்திரங்களைக் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். கூட்டத்தில் என் பழைய பெஞ்சுத் தோழியைத் தேடினேன். அவளும் நானும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் கடற்கரை ஊர்க்காரி. எட்டு வருடமும் ஒரே வலையின் இரண்டு முனையிலும் உட்கார்ந்து முடிச்சுப் போட்டவர்கள் நாங்கள். அவள் பாத்திரத்தைத் திறந்து நான்கு அறையையும் பார்த்து, மூடி, மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அசந்து போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கொடுத்ததோடு விட்டிருந்தால் பக்கெட் போலவே இதுவும் வீட்டில் எங்காவது உதவியிருக்கும். நான் விடுகிற ஆளா? கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடுவதற்கு, எல்லாரும் புதுப் பாத்திரத்தில் சாப்பிடுவது போல ஒரு போட்டோ வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார். ஒரு நாள் போட்டோவுக்கு ஒரு நாள் கொண்டு வாருங்கள் என்று சொன்னால் போதும். நான் நோட்டீஸ் அடித்து ஒட்டினேன். நாளை முதல் அனைவரும் நிறுவனம் வழங்கிய பாத்திரத்திலேயே மதிய உணவு கொண்டு வர வேண்டும் என்று. கீழே என் கையெழுத்து, அதற்குக் கீழே ரப்பர் ஸ்டாம்பு.

மறுநாள் மதியம் போட்டோ எடுக்கச் சாப்பாட்டு ஷெட்டுக்குப் போனேன். வழக்கமாக அங்கே சந்தைக் கடை சத்தம் இருக்கும். அன்று ஷெட்டே அமைதியாக இருந்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை மடிக்கு முன்னால் வைத்து, குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சில பேர் மூடியைக் கொஞ்சமாகத் திறந்து, மீதி மூடியைப் பாத்திரத்தின்மேலேயே சாய்த்து வைத்திருந்தார்கள். போட்டோவுக்காக மூடியை எடுத்து ஓரமாக வையுங்கள், முத்திரை தெரிகிற மாதிரி வையுங்கள் என்று நான் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். எடுத்து வைத்தார்கள். படம் பிரமாதமாக வந்தது. என்ன ஒழுங்கு, என்ன கட்டுப்பாடு என்று முதலாளி மெச்சினார். ஒரு வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வாரம் என் தோழி மாடிக்கு வந்தாள். கண்ணாடிக் கதவைத் தட்டிவிட்டு வெளியே நின்றாள். உள்ளே வா என்றேன். வந்து நின்றாள். உட்கார் என்றதற்கு, பரவாயில்லை என்றாள்.

"மேடம், ஒரு காரியம் கேக்கணும். கோவப்படப்பிடாது."

"என்னத்துக்கு மேடம்? சும்மா சொல்லு."

"எல்லாரும் கேக்கச் சொன்னா. நாங்க பழைய பாத்திரத்தையும் கொண்டு வரலாமா மேடம்?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏன், ஒழுகுதா?"

"ஒழுகல்ல மேடம். ஒண்ணும் ஒழுகாது. நல்ல பாத்திரம்தான். செட்டுக்குத்தான் பத்தல்ல."

செட்டு. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் என் முகத்தில் இரத்தம் ஏறியது. கோபத்தில் இல்லை.

எங்கள் கம்பெனியில் ஃபினிஷிங் செக்சன் பெண்கள் யாரும் தனியாகச் சாப்பிடுவதில்லை. ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு செட்டு. சோறு அவரவர் வீட்டுச் சோறு. கறி மட்டும் எல்லாருக்கும் பொது. கடற்கரைக்காரி செட்டு முழுமைக்கும் மீன்கறி கொண்டு வருவாள். உள்ளூர்க்காரிகளில் ஒருத்தி அவியல், ஒருத்தி துவரன், ஒருத்தி புளிசேரி. எல்லாரும் எல்லா நாளும் கொண்டு வர வேண்டியதில்லை, கிழமை உண்டு. வெள்ளிக்கிழமை மீன் தொடாதவர்கள் வட்டத்தின் ஒரு பக்கமாகத் தள்ளி உட்கார்வார்கள், ஆனால் வட்டத்தைவிட்டுப் போகமாட்டார்கள். கறிப் பாத்திரங்கள் நடுவில் இருக்கும், ஏழு கை போகும் வரும். எனக்கு யாரோ சொன்ன செய்தி இல்லை இது. எட்டு வருடம் நான் அந்த வட்டத்தில் இருந்தவள். செவ்வாய்க்கிழமை, தேங்காய் வறுத்து அரைத்து வைக்கிற தீயல் என்னுடையது. ஏழு பேருக்கு வைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டு வருவேன்.

"ஏழு பேருக்குள்ள கறி இதுல எங்க வைக்க மேடம்?" என்றாள். "அதான் அவங்கவங்க கறிய அவங்கவங்களே தின்னுட்டுப் போறா."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க ஆசையா வாங்கினிய. எப்பிடிச் சொல்ல?" குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அது மட்டுமில்ல மேடம். நம்ம செட்டுல ஒருத்திக்கு வீட்டுல பாடு சரியில்ல. மாப்பிள்ளைக்குக் கால் ஒடிஞ்சு கெடக்கு. அவ ரெண்டு மாசமா வெறும் சோறுதான் கொண்டு வாறா. முன்ன அது யாருக்கும் தெரியாது. இப்ப மூடியத் தொறந்தா நாலு அறைல மூணு காலியா இருக்குல்லா. அன்னைக்குப் போட்டோ எடுக்கச்சில மூடிய எடுக்கச் சொன்னியளே, அவ ரெண்டு நாளு லீவு போட்டுட்டா."

அவள் போன பிறகு நோட்டீஸைக் கிழிக்கக் கீழே போக வேண்டும் என்று தோன்றியது, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. என் கணவர் வளைகுடாவுக்குப் போன முதல் வருடம் அங்கே சம்பளம் நின்றுபோய், மூன்று மாதம் இங்கே பணம் வரவில்லை. அந்த மூன்று மாதமும் நான் வெறும் சோற்றைக் கொண்டு வந்து வட்டத்தில் உட்கார்ந்து, மீனும் அவியலும் துவரனுமாகச் சாப்பிட்டேன். என் செவ்வாய்க்கிழமைத் தீயலை யாரோ மாறி மாறிக் கொண்டு வந்தார்கள். யார் என்றுகூட நான் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. அப்படிப்பட்ட நான்தான் சோற்றை நான்கு அறையாகப் பிரித்து, ஒழுகாத மூடி போட்டு, முத்திரையும் குத்தி, அதற்கு நோட்டீஸும் ஒட்டியிருக்கிறேன். வட்டக்கோட்டை வரை போய்க் குலுக்கிப் பார்த்தவளுக்கு, முப்பது படி இறங்கிப் போய்க் கேட்கத் தோன்றவில்லை. பதினான்கு வருடமாக ஏசி அறையில் தனியாகச் சாப்பிடுகிறவள் ஒருத்தி தனக்குப் பிடித்த பாத்திரத்தை இருநூற்றுப் பத்தாக வாங்கியிருக்கிறாள், அவ்வளவுதான்.

நோட்டீஸை நானே கிழித்தேன். அதோடும் விடவில்லை. செய்த தப்பைத் திருத்துவதிலும் எனக்கு ஒரு படாடோபம் வேண்டும். வரும் செவ்வாய்க்கிழமை நான் உங்கள் செட்டோடு சாப்பிட வருகிறேன் என்று தோழியிடம் சொல்லி அனுப்பினேன். அன்று காலை ஐந்து மணிக்கு எழுந்து, தேங்காயைக் கருகாமல் வறுத்து, அம்மியில் அரைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, கை வலித்து மிக்சிக்குப் போய், ஏழு பேருக்கு, இல்லை, என்னையும் சேர்த்து எட்டுப் பேருக்கு உள்ளித் தீயல் வைத்தேன். பெரிய தூக்குச்சட்டியில் ஊற்றினேன். என் கணவர், "சமாதான உடன்படிக்கைக்குப் போறியா?" என்று கேட்டார். தூக்குச்சட்டியை ஸ்கூட்டரில் மாட்டினேன்.

ஷெட்டில் எனக்காகப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போட்டு வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று தரையில் உட்காரப் போனேன். முழங்கால் மடங்க மறுத்தது. இரண்டு பேர் கையைப் பிடித்து இறக்கினார்கள். என் முன்னால் மட்டும் ஒரு பேப்பரை விரித்தார்கள். சட்டியைத் திறந்தேன். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வைத்து, நல்லா இருக்கு மேடம், மணக்கு மேடம் என்றார்கள். என் எதிரில் இருந்த ஒருத்தி மடிக்குப் பின்னால் ஒரு தூக்குச்சட்டியைத் தள்ளித் தள்ளி வைப்பதைக் கவனித்தேன். என்ன அது என்று கேட்டேன். ஒண்ணுமில்லை என்றாள். நான் விடாமல் கேட்டதும் என் தோழிதான் சொன்னாள்.

"தீயலு மேடம். செவ்வாக்கெழமை அவ மொறை. நீங்க கொண்டு வாறது தெரியாம வச்சுட்டா."

நான் போன பிறகு காலியாக இருந்த செவ்வாய்க்கிழமை அவளுக்குப் போயிருக்கிறது. பதினான்கு வருடமாக அவள்தான் கொண்டு வருகிறாள். அவளுடைய தீயலைத் திறக்கச் சொன்னேன். திறக்கவே மாட்டேன் என்றாள். இன்னைக்கு மேடத்துக்கக் கறிதான் என்று மற்றவர்களும் சொன்னார்கள். வெறும் சோறு கொண்டு வருகிறவள் யார் என்று நான் தேடவில்லை. நடுவில் இத்தனை கறி இருக்கும்போது தேடினாலும் தெரிந்திருக்காது. அது ஒன்றுதான் அன்று எனக்கு ஆறுதல்.

பிறகு என் தோழி மீன்கறியைத் திறந்தாள். நெய்மீன். குடம்புளி போட்டு வைத்தது. நான் வருகிறேன் என்று விலை கொடுத்து வாங்கியிருக்கிறாள், வழக்கமாகச் சாளையோ சூரையோதான் வரும். மீன்கறி திறந்ததும் செட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நடுத்துண்டுக்கு அடிபிடி நடக்கும். ஒருத்தி எடுத்ததை இன்னொருத்தி தட்டிப் பறிப்பாள், ஏசுவாள், வால்தான் ஒனக்கு என்பாள். அந்த எட்டு வருடத்தில் எனக்கு எத்தனை வால் கிடைத்திருக்கும் என்று கணக்கே இல்லை. நடுத்துண்டை யாரும் யாருக்கும் எடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. அப்படி எடுத்து வைப்பது வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு மட்டும்தான்.

யாருடைய கையும் சட்டிக்குள் போகவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். என் தோழி கரண்டியால் துழாவி, ஆகப் பெரிய நடுத்துண்டை, உடையாமல், இரண்டு கையாலும் எடுத்து என் சோற்றின் மேல் வைத்தாள்.

"எனக்கு வால் போதும்," என்றேன்.

"சும்மா சாப்பிடுங்க மேடம்."

சாப்பிட்டேன். அவ்வளவு ருசியான மீனை மிச்சம் வைக்கவும் எனக்கு மனசு வராது. பாதியில் கண் நிறைந்துவிட்டது. கறி உறைப்பு என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். உடனே ஒருத்தி எழுந்து மாடிக்கு ஓடிப்போய், ஆபீஸ் ஃபில்டரில் எனக்கென்று தனியாக ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள்.